கொழும்பில் மருந்தாளர் வேலை: நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாதல்

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து நாடு திரும்பும் குடும்பங்கள் பலவற்றில், அங்கே மருந்தியல் படித்த ஒரு மகனோ மகளோ இருக்கிறார். சிலர் இரண்டு வருட டிப்ளோமா முடித்தவர்கள். சிலர் நான்கு வருடப் பட்டம் பெற்றவர்கள். இன்னும் சிலர் படிப்பு இல்லாமல் மருந்துக்கடையில் நின்று வேலை பழகியவர்கள். சொந்த ஊர் மன்னாராகவோ திருகோணமலையாகவோ இருந்தாலும், முதல் வேலை தேடி இவர்களில் பலர் கொழும்புக்கு வருகிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் இருப்பார்கள். தமிழ் பேசும் நோயாளரும் அதிகம். ஆகவே தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய மருந்தாளருக்கு அங்கே இடம் உண்டு.

இந்தப் பகுதி அப்படிப்பட்ட உங்கள் பிள்ளைக்காக எழுதப்பட்டது. படித்துவிட்டு அவரிடம் கொடுங்கள். நீங்களே அந்தப் பிள்ளை என்றால், நேர்முகத்துக்கு ஒரு மாதம் முன்பே வாசிக்கத் தொடங்குங்கள்.

பதிவு வேறு, வேலை வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் ஒருவரை மருந்தாளர் என்று ஏற்றுக்கொள்வது இலங்கை மருத்துவ சபை. அதன் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் நீங்கள் சட்டப்படி மருந்தாளர். மருந்தகத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது அமைக்கப்பட்டது. அதற்கு முன் 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் இல்லாமல் மருந்தகம் நடத்த முடியாது. உங்கள் படிப்புக்கு இங்கே இருக்கும் பெறுமதி இதிலிருந்துதான் வருகிறது.

தமிழ்நாட்டில் பெற்ற டிப்ளோமாவோ பட்டமோ தானாகவே இங்கே பதிவாகாது. அங்குள்ள மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்திருந்தாலும் அந்தப் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். எனவே வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் மருத்துவ சபைக்குப் போங்கள். அது கொழும்பு 10 இல் நொரிஸ் கனால் வீதியில், தேசிய வைத்தியசாலைக்கு அண்மையில் இருக்கிறது. அங்கே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. நான் படித்த கல்லூரியும் பாடநெறியும் ஏற்றுக்கொள்ளப்படுமா?
2. நான் இங்கே ஏதேனும் பரீட்சை எழுத வேண்டுமா? எழுதுவதானால் எந்த மொழியில் எழுதலாம்?
3. இங்கே பயிற்சி பெற வேண்டுமா? எங்கே, எவ்வளவு காலம்?
4. எந்த ஆவணங்கள், யாரால் உறுதிப்படுத்தப்பட்டு வர வேண்டும்?
5. கட்டணம் எவ்வளவு, முடிவு தெரிய எவ்வளவு காலம் எடுக்கும்?

கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். 1987 இல் செய்யப்பட்ட 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதிக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. எந்த அலுவலகம், எந்த நேரம் என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

"காசு தந்தால் பதிவு எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும் தரகர்கள் உங்களைத் தேடி வரலாம். பதிவை எந்தத் தரகராலும் வாங்கித் தர முடியாது. போலிச் சான்றிதழோடு பிடிபட்டால் உண்மையான படிப்பும் வீணாகிவிடும்.

இன்னும் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கவனிக்க

கப்பலோ விமானமோ ஏறும் முன் எடுத்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள் உண்டு. ஊருக்கு வந்த பிறகு அவற்றைப் பெறுவது மிகவும் கடினம்.

ஒவ்வொரு வருடத்தின் மதிப்பெண் பட்டியல், பாடநெறி முடித்த சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகிய மூன்றின் அசலும் வேண்டும். டிப்ளோமா படித்தவர்கள் 500 மணித்தியாலச் செய்முறைப் பயிற்சியை முடித்ததற்கான சான்றிதழைக் கட்டாயம் வாங்குங்கள். எந்தப் பாடம், எத்தனை மணித்தியாலம் என்று காட்டும் பாடத்திட்டத்தின் பிரதியில் கல்லூரி முத்திரையும் வேண்டும். அங்கே மருந்துக்கடையில் வேலை செய்திருந்தால், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன வேலை என்று கடைக்காரரிடம் கடிதம் வாங்குங்கள்.

பலருக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஓர் எழுத்தாக மட்டும் இருக்கும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் முழுப்பெயர் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கலாம். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று காட்டும் சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே செய்து வையுங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளை என்றால் இலங்கைக் குடியுரிமைப் பதிவையும் தேசிய அடையாள அட்டையையும் முதலில் முடிக்க வேண்டும். மற்ற விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் அந்த இலக்கத்தைக் கேட்பார்கள்.

என்னென்ன வேலைகள் உண்டு

வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் இருப்பவை பெரும்பாலும் தனியார் மருந்தகங்கள். அங்கே நேர்முகத்தை முதலாளியோ மூத்த மருந்தாளரோ நடத்துவார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் உண்மையான மருந்துச் சிட்டை ஒன்றைக் கையில் தருவார்கள். தனியார் வைத்தியசாலைகளில் எழுத்துப் பரீட்சையும் பிறகு குழு நேர்முகமும் இருக்கலாம்.

"ஒசுசல" என்ற பெயரில் மருந்தகங்களை நடத்துவது அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம். 1971 இல் தொடங்கிய இந்தக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. வியாபாரப் பெயருக்குக் காசு கொடுக்காமல் மருந்தின் பொதுப்பெயரில் வாங்கினால் ஏழை நாட்டுக்கும் நல்ல மருந்து கட்டுப்படியாகும் என்பது அவருடைய கொள்கை. மற்ற நாடுகளும் அதைக் கவனித்தன. நேர்முகத்தில் அவரைப் பற்றிக் கேட்டால் இந்த இரண்டு வாக்கியங்கள் போதும்.

பதிவு இன்னும் கிடைக்காதவர்கள் மருந்தக உதவியாளர் வேலைக்குப் போகலாம். பொருட்களை அடுக்குதல், காலாவதித் திகதி பார்த்தல், பட்டியல் எழுதுதல் போன்றவை அந்த வேலை. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். இந்த ஊரில் புழங்கும் மருந்துப் பெயர்களைப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மருந்தாளர் இல்லாத நேரத்தில் உங்களை மருந்தாளராக நிற்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள்.

நேர்முகத்தில் எதைப் பார்க்கிறார்கள்

மருந்துகளின் பெயரை மனனம் செய்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நல்ல முதலாளி பார்ப்பது, சந்தேகம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை. ஊகித்துக் கொடுப்பீர்களா, நிறுத்திக் கேட்பீர்களா? கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இதைச் சோதிப்பவைதான்.

சிட்டையை வாசித்தல். சிட்டையைக் கையில் வாங்கியதும் மருந்தின் பெயருக்குத் தாவாதீர்கள். நோயாளரின் பெயர், வயது, திகதி, மருந்து, அதன் வலு, ஒரு தடவைக்கான அளவு, ஒரு நாளில் எத்தனை தடவை, எத்தனை நாள், வைத்தியரின் கையொப்பம் என்று இந்த ஒழுங்கில் வாய்விட்டு வாசியுங்கள். குறியீடுகளைத் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தடவை. டி.டி.எஸ். என்றால் மூன்று தடவை. மானே காலை, நொக்டே இரவு. பி.ஆர்.என். என்றால் தேவைப்படும்போது மட்டும். ஸ்டாட் என்றால் உடனே ஒரு தடவை.

மெதோட்ரெக்சேட் என்ற குளிசையை "தினமும்" என்று எழுதிய சிட்டை ஒன்றைத் தந்து பார்க்கலாம். மூட்டுவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. "இதைக் கொடுக்க மாட்டேன். வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பேன். அதுவரை நோயாளரை இருக்கச் சொல்வேன்" என்பதே சரியான பதில்.

பெயர்கள். தமிழ்நாட்டில் "டோலோ" என்று கேட்டு வாங்கியதை இங்கே "பனடோல்" என்று கேட்பார்கள். இரண்டிலும் இருப்பது பரசிட்டமோல்தான். ஆனால் அங்கே 650 மில்லிகிராம் குளிசை பரவலாக விற்கும். இங்கே வழக்கமாக விற்பது 500 மில்லிகிராம். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. 500 மில்லிகிராம் என்றால் எட்டுக் குளிசைதான் உச்சம். 650 என்றால் ஆறு. இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் வியாபாரப் பெயரை விட்டுப் பொதுப்பெயரைப் பழகுங்கள். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: பொதுப்பெயர், அங்கே தெரிந்த பெயர், இங்கே விற்கும் பெயர். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கொழுப்பு, ஆஸ்துமா, வயிற்றெரிவு ஆகிய ஐந்துக்குமான மருந்துகளை எழுதி முடித்தாலே பாதி ஆயத்தம் முடிந்தது.

சட்டப் பிரிவுகளும் மாறும். இந்தியாவில் எச், எச்1, எக்ஸ் என்ற அட்டவணைகளைப் படித்திருப்பீர்கள். இங்கே அட்டவணைகளின் பெயர்களும் பிரிவுகளும் வேறு. எதைச் சிட்டை இல்லாமல் கொடுக்கலாம், எதற்குச் சிட்டை கட்டாயம், எதைத் தனிப் பதிவேட்டில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும் என்று இந்த மூன்றையும் இலங்கை ஒழுங்குவிதிகளைப் பார்த்துப் படியுங்கள். 2016 முதல் சில மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலையும் விதிக்கப்பட்டுள்ளது. அதற்கு மேல் விற்பது குற்றம்.

கணக்கு. கணிப்பான் இல்லாமல் செய்யச் சொல்லலாம். ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். பிள்ளையின் நிறை 12 கிலோ. பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் கொடுக்க வேண்டும். 12 ஐ 15 ஆல் பெருக்கினால் 180 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் 7.5 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும்.

இதே கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் உள்ள பாணியும் விற்கும். அந்தப் போத்தலைக் கையோடு கொண்டுவந்த தாய் ஒருவர் "எத்தனை மில்லி?" என்று கேட்டால், 7.5 என்று சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொன்னால் பிள்ளைக்கு 375 மில்லிகிராம் போகும். அது கொடுக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அந்தப் போத்தலில் 3.6 மில்லிலீற்றர்தான். போத்தலைக் கேட்டு வாங்கி, வலுவை வாசித்த பிறகே அளவைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம் குளிசை. நாளுக்கு 20 மில்லிகிராம் ஐந்து நாள், 10 மில்லிகிராம் ஐந்து நாள், 5 மில்லிகிராம் ஐந்து நாள். எத்தனை குளிசை எண்ணிக் கொடுப்பீர்கள்? 20, 10, 5 எல்லாம் சேர்த்து 35.

காய்ச்சல். கொழும்பில் மழைக்குப் பிறகு இந்தக் கேள்வி தப்பாமல் வரும். "அம்மா ஒருவர் வந்து, 'தம்பி, மகனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், உடம்பெல்லாம் நோ. நல்ல நோக் குளிசையாத் தாங்கோ' என்று கேட்கிறார். என்ன கொடுப்பீர்கள்?" இங்கே டெங்குவை நினைக்க வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக், அஸ்பிரின் ஆகியவை டெங்குவில் இரத்தக் கசிவை அதிகரிக்கும். அவற்றைக் கொடுக்கக் கூடாது. நிறைக்கேற்ற பரசிட்டமோல் மட்டும் கொடுத்து, நீராகாரம் கொடுக்கச் சொல்லி, வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யும்படி சொல்ல வேண்டும். வயிற்றுநோ, தொடர்ந்த வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

"இல்லை" என்று சொல்லுதல். இரவு ஒன்பது மணி. சிட்டை இல்லாமல் ஓர் இளைஞர் பிரிகாபலின் கேட்கிறார். இரட்டை விலை தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்? போதைக்காகத் தவறாகப் பயன்படும் மருந்து அது. "சிட்டை இல்லாமல் தர முடியாது" என்று அமைதியாகச் சொல்லுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், பிறகு பொறுப்பானவருக்குத் தெரிவியுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை "நாலு குளிசை மட்டும் தாங்கோ" என்று கேட்பவருக்கும் இதே மறுப்புத்தான். ஆனால் ஏன் என்று விளக்க வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமொக்சிசிலின் எழுதிய சிட்டை வந்தாலும் நிறுத்தி, வைத்தியரைக் கேட்க வேண்டும்.

2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. அதன் பிறகு "எழுதிய மருந்து கடையில் இல்லை, என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு இங்கே தனிக் கனம் உண்டு. அதே பொதுப்பெயரும் அதே வலுவும் உள்ள வேறு நிறுவனத்தின் மருந்து இருந்தால் நோயாளரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். வேறு மருந்து என்றால் வைத்தியரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

பதில் தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "இது எனக்குத் தெரியாது ஐயா, புத்தகத்தில் பார்த்துத்தான் சொல்வேன்" என்று நேராகச் சொல்லுங்கள். ஊகித்துச் சொல்லும் ஒருவரைவிட அப்படிச் சொல்பவரை நம்பிக் கடையை விட்டுப் போகலாம் என்று அனுபவமுள்ள மருந்தாளருக்குத் தெரியும்.

மொழி

கொட்டாஞ்சேனையில் ஒரே வரிசையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நிற்பார்கள். சிங்களம் தெரியாது என்பதால் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். மருந்து கொடுக்கத் தேவையான சொற்கள் ஐம்பதுக்குள்தான். உதே காலை, தவல் பகல், றே இரவு. கேமட்ட கலின் என்றால் சாப்பாட்டுக்கு முன், கேமட்ட பஸ்ஸே என்றால் சாப்பாட்டுக்குப் பின். தவஸட்ட துன் பாரக் என்றால் நாளுக்கு மூன்று தடவை. இவற்றைப் பழகிக்கொண்டு, "மருந்து விளக்கும் அளவுக்குப் பேசுவேன், மீதியைப் பழகிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். முதியவர்களுக்கு எந்த மொழியிலும் வாயால் சொன்னது போதாது. உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பதையும், அவர்களையே திருப்பிச் சொல்ல வைப்பதையும் குறிப்பிடுங்கள்.

உங்கள் பேச்சில் தமிழ்நாட்டுச் சாயல் இருக்கலாம். அதை மறைக்க முயல வேண்டாம். "மாத்திரை" என்றாலும் "குளிசை" என்றாலும் நோயாளருக்கு விளங்கினால் போதும்.

உங்களைப் பற்றிக் கேட்டால்

"இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள்? இடையில் ஏன் இரண்டு வருடம் வேலை இல்லை?" என்று கேட்பார்கள். முகாமில் இருந்தது குற்றமல்ல, மறைக்க வேண்டியதுமல்ல. நீண்ட கதையும் வேண்டாம். மூன்று வாக்கியம் போதும்: "1990 இல் எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போனது. அங்கே முகாமில் இருந்தபடி படித்து டிப்ளோமா முடித்தேன். நாடு திரும்பிய பின் ஆவணங்களையும் பதிவையும் முடிக்க இந்தக் காலம் எடுத்தது." உங்கள் ஊரையும் ஆண்டையும் வைத்து இதை எழுதிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் முன் சொல்லிப் பாருங்கள். அரசியல் பற்றியோ இழந்தவை பற்றியோ மேலும் கேட்டால், "அதைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை, வேலையைப் பற்றிக் கேளுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை

நேர்முகம் முடியும்போது "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். நியமனக் கடிதம் தருவார்களா, வேலை நேரம் என்ன, இரவுக் கடமை முடிந்து வீடு போக ஒழுங்கு உண்டா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டிய பணம் இது. கேட்பதில் தவறில்லை.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். "நீ வர வேண்டாம், உன் சான்றிதழைச் சுவரில் மாட்டத் தந்தால் போதும், மாதம் ஒரு தொகை தருகிறோம்" என்று ஒருவர் சொல்லக்கூடும். வாடகையும் கடனும் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் இது பெரிய உதவி போலத் தெரியும். சம்மதிக்க வேண்டாம். நீங்கள் இல்லாத கடையில் பிழையான மருந்து கொடுக்கப்பட்டு ஒரு பிள்ளை இறந்தால், விசாரணையில் முதலில் வாசிக்கப்படுவது சுவரில் இருக்கும் உங்கள் பெயர். முகாமில் இருந்துகொண்டு பெற்ற படிப்பை அந்த ஒரு நாள் இல்லாமல் ஆக்கிவிடும்.

முதல் நாள் இரவு சரிபார்க்க

ஒரு கோவையில் இந்த ஒழுங்கில் வையுங்கள்: அடையாள அட்டை, மருத்துவ சபைப் பதிவு அல்லது விண்ணப்பித்ததற்கான கடிதம், கல்விச் சான்றிதழ்கள், பயிற்சிச் சான்றிதழ், பெயர் பற்றிய சத்தியக் கடதாசி, அனுபவக் கடிதம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிழற்பிரதிகள் வேண்டும். அசலைக் காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள். அசலை "வைத்துவிட்டுப் போங்கள்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

மருந்தகத்தை முதல் நாளே ஒரு தடவை போய்ப் பாருங்கள். காலை வேளையில் காலி வீதியில் பஸ் நகராது. அரை மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான சாதாரண உடுப்புப் போதும். நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். குளிசை எண்ணும் கையைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

முதல் நேர்முகத்தில் வேலை கிடைக்காவிட்டால், கேட்ட கேள்விகளை வெளியே வந்தவுடனேயே கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த கடையிலும் பெரும்பாலும் அவற்றையேதான் கேட்பார்கள்.